சாமத்தியவீட்டு வீடியோக்காரனின் மகள்

கொடிகாமத்தில், சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், எனக்கு ஒரு ஸ்ரூடியோ இருக்கிறது. கலியாணவீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா எல்லாம் வீடியோ எடுப்பேன் என்று பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் சாமத்தியவீட்டுக்காரர்கள்தான். பெண்பிள்ளை வயதுக்கு வந்ததை ஊரைக் கூட்டிக் கொண்டாடுவதை நாங்கள் சாமத்தியவீடு என்போம். அழைப்பிதழில் மட்டும் அதற்குப் பூப்புனித நீராட்டு விழா என்று பெயர். அந்தப் பெயரின் மேல் ரோசாப்பூ உதிர்வது போல எத்தனை தரம் கொம்பியூட்டரில் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டு வருடமாக இதே வேலை. பிள்ளை பல்லக்கில் வந்து எடுத்திருக்கிறேன், குதிரை வண்டியில் வந்து எடுத்திருக்கிறேன், புகைக்குள்ளிருந்து வெளியே வந்து இருமி இருமி நடந்ததையும் எடுத்திருக்கிறேன். கனடாவிலிருக்கிற பெரியப்பாவுக்கு லீவு கிடைக்கும்வரை சடங்கைத் தள்ளிப் போட்டு, பிள்ளைக்குப் பதினான்கு வயதாகி, அவளே அலுத்துப்போய்க் கொட்டாவி விட்டுக்கொண்டு மேடைக்கு வந்த வீடுகளும் உண்டு. கொட்டாவியை வெட்டிவிடுவேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த வேலையில் எனக்கு ஒரு கெட்ட பெருமை இருந்தது. சடங்கின் ஒழுங்கு வீட்டுக்காரருக்குத் தெரியுமோ இல்லையோ, எனக்குத் தெரியும். "மாமன்மார் பால் அறுகு வைக்க வாங்கோ! ஆலாத்தி எடுக்கிற சோடி முன்னுக்கு வாங்கோ!" என்று கமராவுக்குப் பின்னால் நின்று சத்தம் போடுவது நான்தான். சத்தம் போட்டும் கேட்காமல் யாராவது குறுக்கே போனால் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். அதனால் ஊரில் என்னைச் 'சத்தக்காரன்' என்றும் சொல்வார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்வார்கள்.

என் மனைவி முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். திங்கட்கிழமை விடிய முதல் பஸ்ஸில் போனால் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வீடு. கிழமை நாட்களில் வீட்டில் நானும் மகளும் மட்டும். இரண்டு வீடு தள்ளி என் அக்கா, மகளுக்கு மாமி, இருக்கிறாள். சமையலில் பாதி என்னுடையது, பாதி அக்காவுடையது. எது யாருடையது என்று மகள் ஒரு வாய் வைத்ததும் சொல்லிவிடுவாள்.

அப்போது அவள் தரம் ஏழில் படித்தாள். வீட்டில் நல்ல காற்றாடி நான் எடிற்றிங் செய்கிற அறையில் இருப்பதால் அங்கேதான் பாயைப் போட்டுப் படிப்பாள். ஒருநாள் பின்னேரம் நான் ஒரு சாமத்தியவீட்டு வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் கொப்பியில் இருந்து தலையை எடுக்காமலே கேட்டாள்.

"அப்பா, பெரியபிள்ளையாகிறது எண்டால் என்ன?"

எனக்குத் தெரிந்த கேள்வி என்று நினைத்துவிட்டேன். கதிரையைத் திருப்பி வைத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினேன்.

"முதல்நாள் மாமி வந்து தண்ணி வார்ப்பா. பிறகு நாள் பாத்து மண்டபம் எடுக்கிறது. அண்டைக்கு மாமா தலையிலை பால் அறுகு வைப்பார். பிறகு நல்ல சீலை உடுத்து, நகை போட்டு, பல்லக்கிலை வாறது. ஆலாத்தி ஒன்பது தட்டு, இல்லாட்டிப் பதினொண்டு. பிறகு கேக் வெட்டு. கடைசியாச் சொந்தக்காரரோடை படம்."

ட்ரோன் எந்த இடத்தில் எழும்பும் என்பதையும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உது எனக்குத் தெரியும்தானே அப்பா. உங்கடை வீடியோ எல்லாம் நான் பாக்கிறனான். அதுக்கு முதல் என்ன நடக்கும்? உடம்பிலை?"

பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு கேள்வியின் வாசலில் நின்று படம் எடுத்திருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. "அம்மா வெள்ளிக்கிழமை வருவாதானே, அவவைக் கேள்" என்று சொல்லிவிட்டுக் கொம்பியூட்டர் பக்கம் திரும்பினேன்.

திரையில் அந்த வீட்டுப் பிள்ளை, நனைந்த சீலையோடு கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். சுற்றிநின்ற பெரியவர்கள் சிரித்துக்கொண்டு தண்ணீர் வார்த்தார்கள்.

"இந்த அக்கா ஏன் அழுறா?"

"தண்ணி குளிர்."

"அப்ப ஏன் நீங்கள் அந்த இடத்தை வெட்டுறியள்?"

நான் அடுத்த காட்சிக்குத் தாவினேன். அவள் கொப்பியை மூடி எழும்பினாள். கதவடியில் நின்று, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு வந்தால் நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். சொன்னால் எல்லாரும் வருவினம். நீங்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு வருவியள்."

அன்று மனைவியோடு போனில் கதைக்கும்போது இதைச் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நானும் சொல்லேல்லை" என்றாள். "பன்னிரண்டு வயசிலை. ஏதோ வருத்தம் வந்து சாகப் போறன் எண்டு நினைச்சு இரண்டு நாள் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தனான். கிணத்தடியிலை தனியப் போயிருந்து அழுதனான். மூண்டாம் நாள்தான் அம்மா கண்டவ."

கலியாணம் முடித்துப் பதினான்கு வருடம். இதை அன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறாள். அவளுடைய சாமத்தியவீட்டு அல்பத்தை நான் எத்தனை தரம் புரட்டி, வெளிச்சம் சரியில்லை, நிற்கிற இடம் சரியில்லை என்று நொட்டை சொல்லியிருப்பேன். வெட்கமாக இருந்தது. என் பிள்ளையும் இரண்டு நாள் அப்படிக் கிணற்றடியில் இருந்து அழப்போகிறாளா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மனைவி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்கு எல்லாம் விளக்கினாள். படம் கீறியும் காட்டினாளாம். வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "என்னெண்டு அவளுக்கு விளங்கீட்டுது. ஆனால் வந்தால் சொல்ல மாட்டாளாம், அதிலை மாற்றமில்லை. ஏழு நாளிலை அஞ்சு நாள் வீட்டிலை நிக்கிறது நீங்கள். அப்ப ஏழிலை அஞ்சு பங்கு உங்கடை பொறுப்பு." கணித ரீச்சரைக் கலியாணம் கட்டினால் இப்படித்தான்.

அடுத்த மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் தரம் ஏழு, எட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகள் வளருகிற வயது பற்றிக் குடும்பநல உத்தியோகத்தர் வந்து கதைப்பார் என்று கடிதத்தில் இருந்தது. ஊரில் நாங்கள் அவரை மிசி என்போம். மனைவிக்கு வரமுடியாத நாள். நான் போனேன். மண்டப வாசலில் எட்டிப் பார்த்தால் முப்பது நாற்பது தாய்மார். ஆம்பிளை என்று பார்த்தால் கதிரை அடுக்குகிற காவலாளி மட்டும். அவரும் அடுக்கி முடித்ததும் ஓடிவிட்டார்.

திரும்பிப் போய் மோட்டர் சைக்கிள் பெட்டியைத் திறந்து கமராவை எடுத்துக்கொண்டு வந்தேன். கமரா கையில் இருந்தால் நான் எங்கேயும் நிற்கலாம். பிறகு பயமில்லாமல் போய்ப் பின்சுவரோடு ஸ்டாண்டை விரித்தேன். தாய்மாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. சிலர் சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள், ஒருவர் முன்வரிசைக்கே மாறினார்.

மிசிக்குப் பெரிய குரல். என்னுடைய குரலுக்குச் சரிசமம். மாதவிடாய் என்று மூன்றாவது வசனத்திலேயே உடைத்துச் சொன்னார். பிறகு என் பக்கம் பார்த்தார்.

"அண்ணை, ஆர் உங்களை வீடியோ எடுக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை மிசி. நான்... நான் ஒரு பிள்ளையின்ரை தகப்பன்."

"அப்ப கமராவை வைச்சிட்டு வந்து கதிரையிலை இருங்கோ."

நாற்பது தலை திரும்பிப் பார்க்க, நான் போய் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மண்டபத்தில் நடந்ததில்லை.

ஆனால் கேட்கக் கேட்க நல்லாயிருந்தது. ஒருவருக்கு ஒன்பது வயதில் வரலாம், இன்னொருவருக்குப் பதினைந்தில் வரலாம், முதல் ஒன்றிரண்டு வருடம் மாதக்கணக்கு முன்னே பின்னே போகும், அதற்காகப் பயப்பட வேண்டாம் என்றார். ஒரு தாய் எழும்பி, எத்தனை நாள் பள்ளிக்கூடத்தை நிற்பாட்டலாம் என்று கேட்டார். "ஏன் நிப்பாட்டுறியள்? பிள்ளைக்கு ஏலுமெண்டால் அடுத்தநாளே வரட்டும்" என்றார் மிசி. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பற்றி இன்னொருவர் கேட்டார். "முட்டை குடுங்கோ, நல்லது. அவிச்சுக் குடுங்கோ. பச்சையாப் பருக்கிச் சத்தியெடுக்க வைக்காதேயுங்கோ." பிறகு ஆம்பிளைப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். அவர்களுக்கும் இதே காலத்தில்தான் குரல் உடையும், மீசை அரும்பும், காரணமில்லாமல் கோபம் வரும். "அவையளுக்கு மண்டபமும் இல்லை, பல்லக்கும் இல்லை. அதை விடுங்கோ, வாய் திறந்து கதைக்க வீட்டிலை ஒரு ஆளும் இல்லை" என்றார். எனக்கு அப்போது என் பதின்மூன்று வயது ஞாபகம் வந்தது. அது உண்மைதான். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் கை உயர்த்தினேன்.

"மிசி, இதைத் தகப்பன் கதைக்கலாமோ?"

தாய்மார் சிரித்தார்கள். மிசி சிரிக்கவில்லை. "ஏன், தகப்பனுக்கு வாய் இல்லையோ?" என்றார். "ஆனால் பிரசங்கம் வைக்கக்கூடாது. பிள்ளை கேட்டதுக்கு மட்டும் ஒரு வசனம். அடுத்த கேள்வி வருமட்டும் பேசாமல் இருக்கோணும். தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ. வீட்டிலை மாதவிடாய்க்கு வைக்கிற பாட் ஒரு பக்கற் வாங்கி வைச்சு, எங்கை இருக்குதெண்டு பிள்ளைக்குக் காட்டி விடுங்கோ. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் எனக்குப் பெரிய உற்சாகம். அங்கிருந்து நேரே எங்கள் சந்திக் கடைக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்கோ சாவகச்சேரிக்கோ போய் முகம் தெரியாத கடையில் வாங்கியிருக்கலாம். அந்த அறிவு அப்போது வரவில்லை. காலை பதினொரு மணி, கடையில் நாலைந்து பேர். ஒரு பக்கற் பாட் என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "ஆருக்கு?" என்றார். "மகளுக்கு" என்றேன், மிசியின் வீரம் இன்னும் உடம்பில் இருந்தது. அவர் அதைப் பேப்பரில் ஒருமுறை சுற்றி, இன்னொரு பேப்பரில் மறுமுறை சுற்றி, இரண்டு கையாலும் நீட்டி, "சந்தோசம்" என்றார். நான் வழக்கம் போல "நன்றி அண்ணை" என்றேன்.

அந்த நன்றி செய்த வேலை பின்னேரம்தான் தெரிந்தது.

நாலரை மணி இருக்கும். வாசல் படலை திறந்த சத்தம். அக்கா வந்தாள். ஒரு கையில் நல்லெண்ணெய்ப் போத்தல், மறு கையில் பன்னிரண்டு முட்டை, முகத்தில் மட்டும் மழை இருட்டு.

"கடைக்காரன் சொல்லித்தானோ தம்பி நான் அறியவேணும்? முதல் தண்ணி வார்க்கிறது மாமிக்காரி நான். எனக்கில்லாத உரிமை அவனுக்கோ?"

அக்காவுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி, அவளுக்குப் பின்னால் அவளுடைய மாமியார். நான் வாய் திறக்கும் முன்னே போன் அடித்தது. கனடாவில் என் தம்பி. அங்கே விடிந்தும் விடியாத நேரம். "அண்ணை, ஆவணிக்கு ரிக்கற் போடுறன், அதுமட்டும் சடங்கைப் பிற்போடுங்கோ" என்றான். அதை வைத்தால் அடுத்தது, சாவகச்சேரியில் என் தொழிலுக்குப் போட்டியாக இருக்கிற வீடியோக்காரன். "உங்கடை வீட்டுச் சடங்கை நீங்களே எடுக்கேலாது அண்ணை, நான் வந்து எடுத்துத் தாறன்" என்று மிகுந்த அன்போடு சொன்னான். ஐந்து மணித்தியாலத்தில் கடையிலிருந்து கனடாவரை போய்விட்டது. என்னுடைய ஒரு வீடியோவும் இவ்வளவு கெதியாகப் போனதில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் ரியூசன் முடிந்து வந்தாள். சைக்கிளை வேலியோடு சாத்தியவளை அக்கா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். "ஓடாதை பிள்ளை, குனியாதை, சைக்கிள் ஏன் ஓடினனீ?" என்று கண்ணீர் விட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தாள், முட்டையைப் பார்த்தாள், மேசையில் இருந்த பேப்பர்ப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் சொல்ல மாட்டன் எண்டனான்" என்றாள். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. "ஒண்டும் நடக்கேல்லை!" என்று கத்தினேன். "பிள்ளை முந்தி இருந்த மாதிரியேதான் இருக்கிறாள்! பக்கற் வாங்கினது நான்!"

பக்கத்து வீட்டு மாமியார் காதில் கையை வைத்துக் கொஞ்சம் முன்னுக்கு வந்தார். "அது உமக்கென்னத்துக்கு, மோனே?"

அக்காதான் முதலில் சிரித்தாள். வெடித்துச் சிரித்தாள், போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள், எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் பன்னிரண்டு முட்டையில் எட்டைப் பொரித்து, வந்தவர்களுக்கே பாணோடு சாப்பிடக் கொடுத்தேன். ஆனால் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவளுடைய பங்கை ஒரு கோப்பையில் மூடி வைத்தேன்.

எல்லோரும் போனபிறகு அறைக்கதவடியில் போய் நின்றேன். உள்ளே அழுகிற சத்தமும் இல்லை. சொல்வதற்கு எனக்குள் ஒரு பெரிய பிரசங்கமே இருந்தது: நான் கெட்டதுக்குச் செய்யவில்லை, மிசி சொன்னார், கடைக்காரன் வாய் சரியில்லை. ஒரு வசனம் என்று மிசி சொன்னது ஞாபகம் வந்து, எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"நீ சொன்னால் நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

அடுத்த கேள்வி வரும்வரை பேசாமல் நின்றேன். சத்தக்காரனுக்கு அது லேசான காரியமில்லை.

"மாமிக்கு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"மாமிக்கும் சொல்ல மாட்டன்."

"கனடாவுக்கு?"

"சொல்லன்."

"கமரா?"

இதற்கு ஒரு கணம் தயங்கினேன். உண்மையைச் சொல்வதென்றால், அவள் பிறந்த நாளிலிருந்தே அந்த வீடியோ என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கூடத் தெரிந்து வைத்திருந்தேன்.

"நீ கேட்டால் மட்டும் எடுப்பன். கேக்காட்டி இல்லை."

தாழ்ப்பாள் திறந்தது. அவள் வெளியே வந்து, "முட்டைப் பொரியல் மிச்சமிருக்கோ?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் மாலை, மேசையில் கிடந்த பொட்டலத்தைப் பேப்பரோடு எடுத்து அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, "இஞ்சை இருக்குது" என்று காட்டினேன். அவள் தலையாட்டினாள். எங்கள் இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது.

கேள்விகள் வந்தது வேறு இடத்தில். காலையில் மோட்டர் சைக்கிளில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது, பின்னாலிருந்து, ஹெல்மெட்டுக்குள்ளால் கேட்பாள். முகம் பார்க்கத் தேவையில்லை என்பதால் இருவருக்கும் வசதி. எனக்கும் கண் றோட்டில் இருக்கவேண்டும்.

"அப்பா, நோகுமோ?"

"சிலருக்கு வயித்துக்கை நோகுமாம், சிலருக்கு இல்லையாம்."

ஒரு வசனம். பிறகு பேசாமல் ஓட்டுவேன். அடுத்த கேள்வி சிலவேளை அடுத்த வளைவில் வரும், சிலவேளை அடுத்த கிழமை வரும்.

"கோயிலுக்கு ஏன் போகக்கூடாது எண்டுகினம்?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

தெரியாது என்று சொன்னால் அவளுக்குச் சந்தோசம். எங்கள் வகுப்பு ரீச்சர்மார் இப்படிச் சொல்ல மாட்டினம் என்பாள். ஒருநாள், வகுப்பில் ஒரு பெடியனுக்குத் தேவாரம் பாடும்போது குரல் கீச்சிட்டுப் போனதாம், எல்லோரும் சிரித்தார்களாம், ஏன் அப்படி என்று கேட்டாள். "உனக்கு உடம்பு மாறுற மாதிரி அவனுக்குத் தொண்டை மாறுது" என்றேன். சந்தி தாண்டினோம். "அப்ப நான் நாளைக்குச் சிரிக்க மாட்டன்" என்றாள். எனக்கு மோட்டர் சைக்கிளை நிறுத்தி அவளைத் தூக்கிக் கொஞ்சவேண்டும் போல இருந்தது. பள்ளிக்கூட வாசலில் அதையெல்லாம் செய்தால் ஒரு கிழமைக்கு என்னோடு கதைக்க மாட்டாள்.

மாதங்கள் போயின. அவள் தரம் எட்டுக்கு வந்தாள். என்னிடம் சொல்வாளா மாட்டாளா என்று நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. உள்ளுக்குள் அது எனக்கு ஒரு பாரமாகவே இருந்தது. கிழமை நாட்களில் அவள் கொஞ்சம் முகம் வாடி வந்தாலும் கிணற்றடியைத்தான் நினைப்பேன்.

ஒரு புதன்கிழமை கரவெட்டியில் ஒரு மண்டபத்தில் சாமத்தியவீடு. எங்களுக்கும் தூரத்துச் சொந்தம் என்பதால் அக்காவும் வந்து முன்வரிசையில் இருந்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பிள்ளை இரண்டாவது சீலை மாற்றி வருகிற நேரம், மேளம் உச்சத்தில், புகை மெசின் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, வீட்டு நம்பர். மகள். கமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டு ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

"அப்பா, எனக்கு வந்திட்டுது."

மேளம் என் தலைக்குள் நின்றுவிட்டது போல இருந்தது.

"பயமா இருக்கோ?" என்று கேட்டேன்.

"முதல் கொஞ்சம் இருந்தது. இப்ப இல்லை. கீழ்த்தட்டிலை இருந்ததை எடுத்து வைச்சிட்டன். உடுப்பும் தோய்ச்சிட்டன். நீங்கள் வேலையை முடிச்சிட்டு வாங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மாமி அங்கையோ நிக்கிறா?"

"ஓம்."

"சொல்லாதேயுங்கோ."

"சொல்லன்."

போனை வைத்தபிறகு மேடையும் விளக்கும் எல்லாம் கலங்கித் தெரிந்தன. என்னிடம் சொன்னாள். பயந்த நேரத்தில் என்னை நினைத்திருக்கிறாள். அக்கா கதிரையிலிருந்து எழும்பி வந்தாள்.

"என்ன தம்பி, கண்ணெல்லாம் கலங்கிக் கிடக்கு? ஆர் போனிலை?"

என் வாழ்க்கையில் அக்காவிடம் நான் ஒன்றையும் ஒளித்ததில்லை. அவளும் எங்களுக்காக எவ்வளவு செய்கிறவள். "புகை அக்கா" என்றேன். "இந்த மெசின்காரனுக்கு ஒருநாள் இருக்கு." நல்லவேளை, என் கோபத்தில் அக்காவுக்கு முழு நம்பிக்கை. அவளே போய் மெசின்காரனை ஏசிவிட்டு வந்தாள்.

அன்று ஆலாத்தி எடுத்தபோது ஒருவரையும் நான் அதட்டவில்லை. யாரோ குறுக்கே போனார்கள், போகட்டும் என்று விட்டேன். மேடையில் இருந்த பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தேன். களைத்திருந்தாள். கமராவை விட்டு வெளியே தலையை நீட்டி, "தண்ணி குடிக்கப் போறியே அம்மா?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை. அவள் ஓம் என்றாள்.

வீட்டுக்கு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. மகள் மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தடவினேன். அவள் தடுக்கவில்லை.

"ஆருக்காவது சொன்னனீங்களோ?"

"இல்லை."

"அம்மாவுக்கும் இல்லையோ?"

"உன்ரை கதை. நீதான் சொல்லோணும்."

அவள் கொப்பியை மூடினாள். பிறகு என் போனை வாங்கிக்கொண்டு வெளியே போய் மாமரத்தடியில் நின்றாள். நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். குசினி யன்னலால் அவள் குரல் கேட்டது. கிசுகிசுக்கவில்லை; பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிற அதே குரல். மறுமுனையில் மனைவி ஏதோ கேட்டிருக்கவேண்டும்.

"இல்லையம்மா, தனிய இருந்து அழேல்லை" என்றாள் மகள். "உடனை அப்பாவுக்குச் சொன்னனான்."

தண்ணீர் கொதித்து வற்றத் தொடங்கியிருந்தது. நான் அடுப்பை நிறுத்த மறந்து யன்னலடியிலேயே நின்றேன்.